ஆம்பளைக்கு வராத நோவு

முடிச்சூர் ரோட்டில் மணலும் ஜல்லியும் கம்பியும் விற்கிற குப்புராஜ் எதற்காவது பயந்தார் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் யாரும் நம்பமாட்டார்கள். பெரிய வெள்ளம் வந்த வருடம், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூழ்கிக் கிடந்த வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய், உள்ளே மாட்டிக்கொண்டவர்களை முதுகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தவர் அவர். அவர்கள் குடும்பத்துக்கு அங்கே முன்பு நெல்வயல் இருந்தது. அது மனையாகி, மனை வீடாகி, வீடு கட்ட வந்தவர்களுக்கெல்லாம் செங்கல் கொடுத்தே அவர் தலையெடுத்தார். முறுக்கிவிட்ட மீசை. நல்ல உயரம். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவனோ, தம்பி பங்கைத் தரமறுக்கிறவனோ பஞ்சாயத்துக்கு வந்தால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "நீ ஆம்பளதானே?" அதற்குமேல் எதிரில் நிற்கிறவனுக்குப் பேச்சு வராது.

அவருடைய அம்மா சாகும்போது அவர் சின்னப் பையன். மார்பில் ஏதோ புண் என்றார்கள். கதவைச் சாத்தி வைத்தார்கள், உள்ளே போகவிடவில்லை. பிணத்தை எடுத்தபோது யாரோ ஒரு பெரியப்பா அவர் தோளை அழுத்தி, "ஆம்பளப் புள்ள அழுவக்கூடாது" என்றார். அவர் அழவில்லை. அதற்குப் பிறகும் எதற்கும் அழுததில்லை. அம்மா போன பிறகு அவரை வளர்த்தது அக்கா அஞ்சம்மாள். அவள் பீர்க்கன்கரணையில் வாழ்க்கைப்பட்டு, சீக்கிரமே புருஷனை இழந்து, ஒற்றை மகள் சின்மயியோடு இருந்தாள். அக்காவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எல்லாமே குப்புராஜ்தான்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், கடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் சட்டையைக் கழற்றினார். பனியனில், இடது மார்புக் காம்பு படுகிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. கம்பி உரசியிருக்கும் என்று நினைத்தார். மறுநாளும் கறை. அதற்கு மறுநாள் அது ஈரமாக, சிவப்பாக இருந்தது. தொட்டுப் பார்த்தார். வலியே இல்லை. ஆனால் காம்புக்குக் கீழே, தோலுக்கடியில், கல் மாதிரி ஒன்று விரலில் தட்டியது. அழுத்தினால் நகரவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பயம் அவருக்குள் வந்து உட்கார்ந்தது. வெள்ளத்தில் வந்த பயம் வேறு மாதிரி. அப்போது தண்ணீர் கண்ணுக்கு எதிரில் இருந்தது, எட்டி உதைக்க முடிந்தது. இது அவருடைய தோலுக்கு அடியில் இருந்தது. சாப்பிடும்போது கூடவே சாப்பிட்டது. கல்லாவில் உட்கார்ந்தால் கூடவே உட்கார்ந்தது. லாரி வந்து மணலைக் கொட்டுகிற சத்தத்தில் சிறிது நேரம் மறந்துபோகும். சத்தம் நின்றதும், அவர் சொல்லாமலே, கை சட்டைக்கு மேலாகப் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? மார்பில் கட்டி என்று ஒரு ஆம்பளை எப்படிச் சொல்வான்? டீக்கடையில் அது எப்படிப் பேசப்படும் என்று அவருக்குத் தெரியும். அந்த மாதிரிப் பேச்சுகளில் முதல் ஆளாகச் சிரித்தவரே அவர்தான். வெள்ளைச் சட்டையை விட்டு அடர்நிறச் சட்டைகளுக்கு மாறினார். கறைபட்ட பனியன்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், கடைக்குப் பின்னால் கிழிந்த சிமெண்டு மூட்டைகளை எரிக்கிற இடத்தில் போட்டு எரித்தார்.

அவர் மனைவி ஹேமாவதி அதிகம் பேசாதவள். ஆனால் துவைக்கிற துணியில் எது குறைகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"பனியன்லாம் எங்க போவுது?" என்று ஒருநாள் காலையில் கேட்டாள்.

"கிழிஞ்சிப் போச்சி. தூக்கிப் போட்டுட்டேன்."

"அம்புட்டுமா கிழியும்?"

அவர் செருப்பை மாட்டினார். அவள் வாசலுக்குக் குறுக்கே வந்து நின்று, சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி அவள் செய்ததில்லை. அவர் அவள் கையைத் தட்டிவிடப் பார்த்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, சுற்றிலும் தோல் சுருங்கியிருந்தது.

"இது எத்தினி மாசமா கீது?"

"ஒண்ணும் இல்ல ஹேமா. கம்பி கீறிச்சி."

"கம்பி கீறுனா இப்பிடி உள்ள இஸ்துக்குமா?" அவள் பொத்தானை மாட்டிவிட்டாள். "கிளம்புங்க. இன்னிக்கே போறோம்."

அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கொடுக்கக்கூடாது. அவள் பெயரில்தான் டோக்கன் வாங்க வேண்டும்.  அவள் சரி என்றாள்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. சுவரெல்லாம் ரோஸ் நிறம். உட்கார்ந்திருந்த எல்லோரும் பெண்கள். குப்புராஜ் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனில் எதையோ படிக்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் ஒரு அம்மாள், தலையில் துணி கட்டியிருந்தாள். பெயர் தபீதாள் என்று அவளே சொன்னாள்.

"வூட்டம்மாவுக்கா?" என்று ஹேமாவதியைக் காட்டிக் கேட்டாள்.

குப்புராஜ் தலையை ஒரு மாதிரி ஆட்டினார்.

"கூடவே வந்து உக்காந்துகினு கீறீங்களே, அதுவே பெருசு சார். எங்க வூட்டுக்காரரு கீழ டீக்கடையோட நின்னுடுவாரு. பொம்பளைங்க இருக்கிற எடம், நான் வரலன்னுவாரு. உங்கள மாரி ஆம்பள இருந்தா அந்தம்மா பொழைச்சிக்கும்."

 ஹேமாவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து, "ஹேமாவதி" என்று கூப்பிட்டாள். இருவரும் எழுந்தார்கள். "சார், நீங்க வெளியவே இருங்க. செக்கப் முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்றாள் நர்ஸ். குப்புராஜ் உடனே உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்காமல் தப்பித்த பையனுக்கு வருகிற நிம்மதி அவருக்கு வந்தது. ஹேமாவதி தனியாக உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் வியர்த்தது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தார். மாடிப்படி பக்கத்திலேயே இருந்தது.

கதவு மறுபடி திறந்தது. ஹேமாவதி நின்றாள். "வாங்க" என்றாள். அவர் எழவில்லை. அவள் வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். தபீதாள் தன்னைப் பார்ப்பது அவருக்கு முதுகில் தெரிந்தது.

டாக்டர் மிருதுளா இளவயதுக்காரி. அவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தொட்டுப் பார்த்தார். அக்குளில் விரலை வைத்து அழுத்தினார். அங்கேயும் ஏதோ தட்டுப்பட்டது போலிருந்தது, முகம் கொஞ்சம் மாறியது. பிறகு மெஷின் அறை. குளிர்ந்த தட்டுகளுக்கு நடுவில் அவர் மார்பை வைத்து அழுத்தினார்கள். பெண்களுக்காகச் செய்த மெஷின். அதற்குக் கொடுக்க அவரிடம் பெரிதாகச் சதை இல்லை. வெடுக்கென்று பிடித்து இழுத்து வைக்க வேண்டியிருந்தது. "மூச்சப் பிடிச்சுக்கோங்க சார்" என்றாள் மெஷினை இயக்கிய பெண். அவர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பி, ரிசல்ட் வந்த நாளில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இது கேன்சர் சார். பிரெஸ்ட் கேன்சர்."

"அது ஆம்பளைக்கு வராதே டாக்டர்."

"வரும். கம்மியாதான் வரும். ஆனா வர்றவங்க வெளிய சொல்ல வெக்கப்பட்டு லேட்டா வர்றாங்க. நீங்களும் லேட்டாதான் வந்திருக்கீங்க. இருந்தாலும் ட்ரீட் பண்ணலாம்."

அவருடைய அம்மாவைப் பற்றி டாக்டர் கேட்டார். அவர் சொன்னார். சாத்திய கதவு, புண், நாற்றத்துக்காகக் கொளுத்திவைத்த ஊதுவத்தி. அதையெல்லாம் இதற்குமுன் அவர் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். சில வாரம் கழித்து அதுவும் வந்தது. இது குடும்பத்தில் தொடர்ந்து வருகிற வகை. "உங்க அக்காவ உடனே கூட்டிட்டு வாங்க. உங்களைவிட அவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி. பசங்களும் பாத்துக்கணும்" என்றார் டாக்டர். கூட்டி வருகிறேன் என்று குப்புராஜ் சொன்னார்.

ஆடி மாதம் ஆபரேஷன் நடந்தது. இடது மார்பு முழுவதையும், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால், பச்சைத் துணியோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது, செத்துப்போனால் தன் படத்தைப் போட்டு முடிச்சூர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்களே, போஸ்டருக்குக் கீழே நின்று என்ன வியாதி என்று கேட்டுக்கொள்வார்களே என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஹேமாவதியின் கையைப் பிடித்து, "யார் கேட்டாலும் ஹார்ட்டுனு சொல்லு" என்றார். அதுதான் மயக்க மருந்துக்கு முன் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

ஹார்ட் என்றே ஊர் நம்பியது. ஹார்ட் ஆம்பளைக்கு வரவேண்டிய வியாதி. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். "அண்ணன் ராவும் பகலும் ஒழைச்ச உடம்பு" என்று மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். கீமோ ஊசியில் முடி கொட்டத் தொடங்கியதும், மீசையும் தானாக உதிர்வதற்கு முன்னால் அவரே ஒருநாள் மழித்துவிட்டார். திருப்பதி வேண்டுதல் என்று சொன்னார்கள். மகன் முகிலன் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவனும் அப்பா சொன்னபடி ஹார்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்காவிடம் மட்டும் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். போனை எடுப்பார். "இன்னாடா குப்பு, சாப்ட்டியா?" என்று அவள் குரல் கேட்டதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிடுவார். டாக்டரிடம் போய்ப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், தனக்கு வந்தது என்னவென்று சொல்ல வேண்டும். அவருக்கு மூக்கு துடைத்துவிட்டு, டவுசர் மாட்டிவிட்டு வளர்த்தவளிடம் அதைச் சொல்வது மற்ற எல்லோரிடமும் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. தம்பி என்றால் சிங்கம் என்று பீர்க்கன்கரணை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

அதற்கு நடுவில் சின்மயிக்கு மாடம்பாக்கத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பையன் வங்கியில் வேலை. பையனுடைய அப்பா ஜெயகிருஷ்ணன் சொந்தக்காரர்களுக்குச் சொந்தக்காரர். தை மாதம் நிச்சயம் என்று முடிவாயிற்று. நிச்சயம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று குப்புராஜ் தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டார். ராத்திரி கண்ணை மூடினால் டாக்டர் சொன்னதுதான் காதில் விழும். விடிந்ததும் அதைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

நிச்சயத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மத்தியானம், தாய்மாமன் சீர் விஷயமாகப் பேச அக்கா வீட்டுக்குப் போனார். சின்மயி வேலைக்குப் போயிருந்தாள். அஞ்சம்மாள் மட்டும் இருந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள்.

"நல்ல சமயத்துக்கு வந்த. பரண்ல பித்தள அண்டா கீது பாரு, அத்த எறக்கிக் குடு. நிச்சயத்துக்கு வர்றவங்களுக்கு பாயாசம் வைக்கணும்" என்றாள்.

குப்புராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். வலது கை அண்டாவின் விளிம்பைப் பிடித்தது. இடது கை தோளுக்குமேல் எழும்பவில்லை. ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தக் கை அப்படித்தான். ஒற்றைக் கையால் இழுத்தார். அண்டா சாய்ந்தது.

"அக்கா, அந்தப் பக்கம் கொஞ்சம் புடி."

அஞ்சம்மாள் வலது கையை மட்டும் நீட்டினாள். எட்டவில்லை. இடது கையைத் தூக்கப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பாதியில் கீழே விட்டாள். அண்டா தடதடவென்று விழுந்து, உருண்டு, சமையலறை வாசலில் போய் நின்றது.

 வெளியே காய்கறி வண்டிக்காரர் மைக்கில் கத்திக்கொண்டு போனார்.

"உன் கைக்கு இன்னாடா?" என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

"உன் கைக்கு இன்னாக்கா?"

"சுளுக்கு."

குப்புராஜ் நாற்காலியிலிருந்து இறங்கினார்.   சுவரில் சாய்ந்துகொண்டார். அப்புறம், நினைத்தால் செய்யமுடியாது என்று தெரிந்ததால், நினைக்காமல் சட்டையைக் கழற்றினார். பனியனைத் தலைவழியாக இழுத்தார். இடது பக்கத்தில் மார்பு இருந்த இடம் தட்டையாக இருந்தது. நடுமார்பிலிருந்து அக்குள் வரைக்கும் ஒரு நீளத் தழும்பு, நடுவில் காம்பு இல்லை.

அஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹார்ட்டுனியேடா."

"பொய்க்கா. அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துது. அதே நோவுதான்."

"ஆம்பளைக்கு ஏதுடா மாருல நோவு?"

"வந்துச்சேக்கா. பாரு."

அவள் கிட்டே வந்தாள். தழும்பின்மேல் விரலை வைத்தாள், சின்ன வயதில் அவர் முட்டியில் அடிபட்டு வந்தால் தொட்டுப் பார்ப்பாளே, அது மாதிரி. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு வருசத்துக்கு மேல கீதுடா" என்றாள். "இப்ப புண்ணாயி வாய் வச்சிக்கிச்சி. துணி வச்சிக் கட்டிக்கினு கீறேன். புள்ளைக்குத் தெரியாது."

குப்புராஜுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கத்த வாயைத் திறந்தார். அப்போதுதான் மாதங்களை எண்ணிப் பார்த்தார். டாக்டர் சொன்ன ஆடி மாதத்திலிருந்து இந்தத் தை வரைக்கும். வாயை மூடிக்கொண்டார். 

"நாளைக்கே ஆஸ்பத்திரி போறோம்."

"நிச்சயம் முடியட்டும் குப்பு. உன் கால்ல விழறேன். இப்பத் தெரிஞ்சா சம்பந்தம் நிக்காது. பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க. நீ ஆம்பள, நீ வாய மூடிக்கினு இருந்தா போதும், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்."

"வாய மூடிக்கினு இருந்துதான்க்கா இங்க வந்து நிக்குது."

அவள் அழுதாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சட்டை போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை.

மறுநாள் அந்த ரோஸ் நிற வராந்தாவில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். இந்த முறை அவரவர் பெயரில் டோக்கன். அஞ்சம்மாளை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் மிருதுளா வெளியே வந்தபோது, அவர் முகத்தைப் பார்த்தே குப்புராஜுக்குத் தெரிந்துவிட்டது. எலும்புக்குப் போயிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஸ்கேன் பண்ண வேண்டும் என்றார்.

"ஆடில நீங்க சொன்னப்பவே கூட்டினு வந்திருந்தா?" என்று குப்புராஜ் கேட்டார்.

 "இப்ப வந்துட்டாங்க. இனிமே செய்யவேண்டியதப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலில் இருந்த பதில் அவருக்குப் புரிந்தது. இன்றுவரை அது அவரை விடவில்லை.

அன்று சாயங்காலமே, யாரிடமும் கேட்காமல், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் போனார். தாய்மாமன் என்கிற முறையில் மாப்பிள்ளை வீட்டில் தானே சொல்லிவிடுவதுதான் ஆம்பளைத்தனம் என்று நினைத்தார்.  ஜெயகிருஷ்ணன் வாசலுக்கே வந்து வரவேற்றார். காபி வந்தது. அவர் காபியைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு வந்தது, அக்காவுக்கு வந்திருப்பது, பெண்ணுக்கு வரலாம், வராமலும் இருக்கலாம் என்பது.

ஜெயகிருஷ்ணன் நல்ல மனிதர். சங்கடப்பட்டார். அவர் பார்வை குப்புராஜின் சட்டையில் இடது பக்கம் போய், திரும்பி, மறுபடி அங்கேயே போனது. "நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். வீட்ல பேசிட்டு சொல்றோம்" என்றார். இரண்டு நாளில் போன் வந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார்கள்.

சின்மயி முடிச்சூருக்கு வந்தாள். அவள் அழவில்லை. கூடத்தில் நின்றுகொண்டே பேசினாள்.

"சொன்னது தப்புன்னு சொல்லல மாமா. மறைச்சு ஒரு கல்யாணம் எனக்கும் வேண்டாம். ஆனா அது என் உடம்பு. என் கல்யாணம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கணும். எங்கம்மாவுக்கு என்னன்னு எனக்கே தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

 வீரமாக ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்றுதான் அத்தனை நேரமும் குப்புராஜ் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தப்புதாம்மா" என்றார் கடைசியில். அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

அவள் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அஞ்சம்மாளுக்கு ஊசிகள் ஆரம்பமாயின. எலும்பில் ஒரு இடத்தில் பரவியிருந்தது. முழுவதும் குணமாகாது, ஆனால் மருந்தில் கட்டுப்படுத்திக்கொண்டு போகலாம் என்றார்கள். ஊசிக்குப் போகிற நாளெல்லாம் குப்புராஜ் கடையைச் சாத்திவிட்டு அவளோடு போய் உட்கார்ந்தார். கடைக்குப் பக்கத்து வெல்டிங் ஷாப் சவுரிமுத்து ஒருநாள், "இன்னாண்ணா, அடிக்கடி கடய மூடிட்டுப் போறீங்க, மறுபடி ஹார்ட்டா?" என்று கேட்டான். குப்புராஜ் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு என்ன வியாதி என்பதை அவனுக்குச் சொன்னார். சவுரிமுத்துவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் அவர் போய் நின்றால் பேச்சு நின்றது. ஒருத்தன், அவர் காதுபடவே, "இனிமே அண்ணன லேடீஸ் சீட்ல உக்கார வைக்கணும்" என்றான். அவருக்குக் காது சுட்டது. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பங்குனியில் சின்மயி போன் பண்ணினாள்.

"மாமா, உங்களுக்கு எடுத்த அந்த ரத்த டெஸ்ட நானும் எடுத்துக்கலாம்னு இருக்கேன். நாளைக்குப் போறேன். முகிலனும் வர்றான். நீங்க வரீங்களா?"

"வரட்டுமாம்மா?"

"வாங்க. ஆனா எனக்குப் பதிலா நீங்க எதுவும் பேசக்கூடாது."

அவர் போனார், பேசவில்லை. இரண்டு பிள்ளைகளின் கையிலிருந்தும் ஊசி ரத்தம் உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில்தான் அவர் வாழ்நாளிலேயே அதிகம் பயந்தார். கட்டி தனக்கு வந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கடையில் சிமெண்டு கேட்டவருக்கு மணல் ஏற்றி அனுப்பினார். மனதுக்குள் அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தான். மகனை அவர் நினைக்கவே இல்லை. தனக்கே வந்த பிறகும், அது ஆம்பளைப் பிள்ளைக்கு வராது என்று உள்ளுக்குள் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது.

சின்மயிக்கு இல்லை. முகிலனுக்கு இருந்தது.

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். இது வியாதி இல்லை, வருவதற்கான வாய்ப்பு மட்டும்தான். பெண்களுக்கு இருப்பதைவிட அந்த வாய்ப்பும் குறைவு. ஆனால் கொஞ்ச வயது ஆனதும் வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்பில் வேறு சில இடங்களையும் பார்க்க வேண்டும், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் யோசிக்க வேண்டும். முகிலன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கேள்விகூடக் கேட்டான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது, ஹேமாவதி ரசம் ஊற்றியதும், அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே அழ ஆரம்பித்தான். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. இருபத்துநாலு வயதுப் பிள்ளை.

"பயமா இருக்குப்பா" என்றான்.

குப்புராஜின் தொண்டை வரைக்கும் அந்த வாக்கியம் வந்துவிட்டது. பெரியப்பா தோளை அழுத்திச் சொன்னது. அவர் ஊரில் எத்தனையோ பேருக்குச் சொன்னது. அது வாயில் வந்து நின்றது. ஹேமாவதி கரண்டியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நாற்காலியை மகன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இடது கையைத் தூக்கி அவன் முதுகில் வைக்கப் பார்த்தார், அது எட்டுகிற அளவுக்குத்தான் எட்டியது.

"எனக்கும்தான்டா" என்றார். "ஒரு வருசமா எனக்குப் பயம்தான். தெனமும் குளிக்கச்சே இந்தப் பக்கம் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். அக்கா போன் பண்ணா எடுக்கவே பயமா கீது. இப்ப உன்ன நெனச்சா கையே ஆடுது, பாரு."

கையைக் காட்டினார். நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது. முகிலன் எச்சில் கையைத் தட்டில் விட்டுவிட்டு, மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டான். குப்புராஜுக்குக் கண் நிறைந்தது. அம்மா செத்த அன்று நின்றுபோன அழுகை. எப்படி அழுவது என்று மறந்தவர் போல முதலில் ஒரு மாதிரி இருமினார். பிறகு அது தானாகவே வந்தது.

ஹேமாவதி இருவருக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தாள். "ரசம் ஆறிப்போவுது" என்றாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.